தலைகீழாக இறங்கும் பறவையும் நான் சொன்ன தவறான பதிலும்

மாணவர்களே, இந்த வாரக் கட்டுரையை ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன். சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன். அதுவும் இருபது பேர் முன்னிலையில், கொஞ்சமும் தயங்காமல்!

பள்ளி விடுமுறையில் எங்கள் இயற்கைக் கழக மாணவர்களைப் பகாங் மாநிலத்திலுள்ள பிரேசர் மலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காலை எட்டு மணி இருக்கும். சாலையோரம் நின்றுகொண்டிருந்தோம். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அரை மணி நேரமாக ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. மாணவர்கள் கைப்பேசியை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். திடீரென்று தலைக்கு மேலே ஒரே சலசலப்பு. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து வகைச் சிறு பறவைகள் ஒரே கூட்டமாக வந்து இறங்கின. மலைக்காட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் இதைப் ‘பறவை அலை’ என்பார்கள். பல இனங்கள் ஒன்றுசேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். சில நிமிடங்களில் அலை கடந்துவிடும், காடு மறுபடியும் அமைதியாகிவிடும்.

அந்த அலையில் இரண்டு பறவைகள் ஒரே மரத்தில் இருந்தன. ஒன்று, பச்சை உடலும் மஞ்சள் பிடரியும் கொண்ட மரங்கொத்தி. அது அடிமரத்தில் துள்ளித் துள்ளி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மற்றொன்று சிட்டுக்குருவி அளவுதான். தொண்டையும் நெஞ்சும் வெள்ளை, மற்றபடி கறுப்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் சிறகு நீலமாக மின்னியது. அது அதே மரத்தில் தலை கீழே, வால் மேலே என்று விறுவிறுவென இறங்கி வந்தது.

“டீச்சர், அது விழுந்துடாதா?” என்றான் ஒருவன்.

பக்கத்தில் நின்ற படிவம் 4 மாணவி கேட்டதுதான் நல்ல கேள்வி. “டீச்சர், ரெண்டுமே மரம் ஏறுற பறவைதானே? அப்புறம் மரங்கொத்தி மட்டும் ஏன் அப்படி இறங்கல?”

நான் உடனே சொன்னேன்: “மரங்கொத்திக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். ஏறுவதற்கென்றே அமைந்த கால் அது. அதனால் ஏற மட்டும்தான் முடியும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். நான் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் என் பதில் எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது.

முதலில் அந்தச் சின்னப் பறவையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தமிழில் இந்தக் குடும்பத்துப் பறவைகளைப் பசையெடுப்பான் என்கிறார்கள். உலகில் ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. மலேசியாவில் இருப்பவை இரண்டே. நாங்கள் பார்த்தது நீலப் பசையெடுப்பான். இது தீபகற்ப மலேசியா, சுமத்திரா, ஜாவா ஆகிய மூன்று இடங்களின் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. இன்னொன்று வெல்வெட் நெற்றிப் பசையெடுப்பான். சிவந்த அலகு, மஞ்சள் கண், ஊதா கலந்த நீல முதுகு, நெற்றியில் வெல்வெட் துணி ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. நம் நாட்டுத் தாழ்நிலக் காடுகளிலும் இருக்கிறது; தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கிறது. உங்கள் பாட்டன் பூட்டன் ஊரிலும் இதே பறவை மரத்தில் தலைகீழாக நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

இனி என் பதிலில் என்ன தவறு என்று பார்ப்போம்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்ற விரல் அமைப்பு மரங்கொத்திக்கு மட்டும் உரியதல்ல. கிளிக்கும் அப்படித்தான், குயிலுக்கும் அப்படித்தான். குயில் அடிமரத்தில் ஏறி யாராவது பார்த்திருக்கிறீர்களா? கிளையில் அமர்ந்து கூவும், அவ்வளவுதான். ஆக, அந்தக் கால் ஏறுவதற்கென்றே உண்டானது என்று சொல்ல முடியாது. கிளையைச் சுற்றிப் பிடிக்க அது மிக நன்றாக உதவும்.

இரண்டாவது, மரங்கொத்தி செங்குத்தான மரத்தில் ஏறும்போது விரல்களை இரண்டு-இரண்டாக வைத்துக்கொள்வதே இல்லை. பின்னோக்கிய இரு விரல்களில் வெளிப்பக்க விரலைப் பக்கவாட்டில் விரித்துக்கொள்கிறது. மீதமுள்ள பின்விரல் பல இனங்களில் சிறியது, அதிகம் வேலையும் செய்வதில்லை. வால்டர் பாக், டிவிட் மில்லர் என்ற இரு பறவையியலாளர்களின் பெயரில் 1959-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இதை விரிவாகச் சொல்கிறது. அது வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாங்கள் ஆசிரியர்கள் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

மூன்றாவது சான்று நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தென்னை மரங்களிலும் பூங்காக்களிலும் சாதாரணமாகக் காணப்படும் பொன்முதுகு மரங்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். ஆணுக்குச் சிவப்புக் கொண்டை இருக்கும். அதற்குக் காலில் மொத்தமே மூன்று விரல்கள்தாம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இருந்தும் அது அருமையாக மரம் ஏறுகிறது. நான்கு விரல் கணக்கு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் சரியான பதில் என்ன? அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்படாதீர்கள், படிவம் 3 அளவுதான்.

தென்னை மரம் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். என் தாத்தா காலத்தில் தோட்டங்களில் கள் இறக்குகிறவர்கள் தினமும் ஏறி இறங்குவார்கள் என்று அப்பா சொல்வார். அவருடைய உடல் மரத்திலிருந்து சற்று வெளியே தள்ளி இருக்கிறது. உடல் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. ஆனால் அந்த எடை மரத்தின் மேலேயே விழாமல் கொஞ்சம் வெளியே விழுவதால், அவரைப் பின்னால் சாய்க்கப் பார்க்கிறது. சாயாமல் இருக்க அவர் என்ன செய்கிறார்? கைகளால் மரத்தைத் தன்பக்கம் இழுக்கிறார். கால்களால் மரத்தைத் தள்ளுகிறார். மேலே இழுப்பு, கீழே தள்ளு. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றுகின்றன.

செங்குத்தான மரத்தில் ஒட்டி நிற்கும் எந்த உயிருக்கும் இதே விதிதான். மேல் முனையில் இழுக்க ஒன்று வேண்டும், கீழ் முனையில் தள்ள ஒன்று வேண்டும்.

மரங்கொத்தியின் உடலில் மேலே இழுப்பது கால் நகங்கள். கீழே தள்ளுவது வால்! அதன் வால் இறகுகளைத் தொட்டுப் பார்த்தால் சாதாரண இறகு போலவே இருக்காது. நடுத்தண்டு தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும், நுனி கூர்மையாக இருக்கும். பெரும்பாலான இனங்களில் வால் கறுப்பு. அதற்கும் காரணம் உண்டு. கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் என்ற நிறமி இறகை எளிதில் தேய்ந்துபோகாமல் காக்கிறது. நாளெல்லாம் மரப்பட்டையில் உரசும் இறகுக்கு அது அவசியம். வாலைத் தாங்கும் கடைசி முதுகெலும்பும் மற்ற பறவைகளுக்கு இருப்பதைவிடப் பெரியது.

வால் எவ்வளவு உதவுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. 70 கிராம் பறவை என்றால் எடை சுமார் 0.7 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் மரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது என்று கொள்வோம். பறவையைப் பின்னால் சாய்க்கும் திருப்புத்திறன், அதாவது உங்கள் ஆங்கிலப் பாடநூலில் ‘மொமண்ட்’ என்று வருவது, 0.7 × 4 = 2.8 நியூட்டன் சென்டிமீட்டர். கால் நகத்துக்கும் வால் நுனிக்கும் இடையே 12 சென்டிமீட்டர் இருந்தால், நகம் இழுக்க வேண்டிய விசை 2.8 ÷ 12, ஏறக்குறைய 0.23 நியூட்டன். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது வாலை எடுத்துவிடுங்கள். மேலே ஒரு கால், கீழே ஒரு கால், இடையே 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2.8 ÷ 4 = 0.7 நியூட்டன். தன் எடை முழுவதற்கும் சமமான விசையால் மேல் கால் மரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். உடல் கீழே சரியாமல் தாங்குவது வேறு தனி வேலை. வால் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் முழுப் பங்கு. மணிக்கணக்கில் மரத்தில் ஒட்டிக்கொண்டு கொத்த வேண்டிய பறவைக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று பாருங்கள்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. என் மாணவியின் கேள்விக்கான பதில் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மரங்கொத்தியைத் தலைகீழாகத் திருப்பிக் கற்பனை செய்யுங்கள். இப்போது வால் மேலே போய்விட்டது. ஆனால் விதி மாறவில்லை. மேல் முனையில் வேண்டியது இழுப்பு, கீழ் முனையில் வேண்டியது தள்ளு. வாலால் தள்ள முடியும், இழுக்க முடியுமா? முடியாது. அதில் நகமும் இல்லை, கொக்கியும் இல்லை. மேலே போன வால் ஒன்றுக்கும் உதவாது. பறவையைப் பிடித்து நிறுத்த வேண்டிய முழுப் பொறுப்பும், அருகருகே இருக்கும் இரண்டு கால்கள் மேல் விழும். அதனால்தான் மரங்கொத்திக்குக் கீழே வர வேண்டுமென்றால், தலையை மேலேயே வைத்துக்கொண்டு வால் பக்கமாகப் பின்னோக்கித் துள்ளித் துள்ளி இறங்குகிறது. கார் ஓட்டுநர் ரிவர்ஸ் எடுப்பதுபோல! இல்லையென்றால் பறந்துபோய் அடுத்த மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறத் தொடங்கும்.

பசையெடுப்பான் வாலை நம்பவே இல்லை. அதன் வால் குட்டையானது, மென்மையானது, மரத்தில் ஊன்றுவதும் இல்லை. அது வேறு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. கால்களை அருகருகே வைக்காமல், ஒன்றை நன்றாக மேலேயும் மற்றதைக் கீழேயும் அகட்டி வைக்கிறது. மேல் கால் இழுக்கிறது, கீழ் கால் தள்ளுகிறது. தென்னை மரம் ஏறுகிறவரின் கையும் காலும் செய்கிற வேலையை இதன் இரண்டு கால்களே செய்துவிடுகின்றன. தலை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பக்கவாட்டில் இருந்தாலும் எப்போதும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. ஆகவே அதற்குத் திசை ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு உதவுவது பின்விரல். பசையெடுப்பானுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. காகம், மைனாவுக்கு இருப்பதுபோலத்தான். ஆனால் அந்தப் பின்விரல் நீளமானது, அதன் நகம் பெரியது, நன்றாக வளைந்தது. தலைகீழாக இறங்கும்போது முன்விரல்கள் கீழ்நோக்கியும் பின்விரல் மேல்நோக்கியும் இருக்கும். மேல் காலின் பின்விரல் நகம்தான் பட்டையின் பிளவில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். பறவை அந்தக் கொக்கியில் தொங்குகிறது என்றே சொல்லலாம். இப்போது பொன்முதுகு மரங்கொத்தியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதற்கு இல்லாமல் போன விரல் எது? இந்தப் பின்விரல்தான்! தலைகீழாகத் தொங்க எது வேண்டுமோ, அதையே அது இழந்துவிட்டது. எப்போதும் தலையை மேலே வைத்து வாலில் சாய்ந்து நிற்கும் பறவைக்கு அது தேவைப்படவில்லை.

“அப்படியானால் எல்லாப் பறவையும் பசையெடுப்பான் மாதிரியே ஏறலாமே, வால் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். இங்கே உடலின் அளவு குறுக்கே வருகிறது. ஒரு பறவையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் இரு மடங்கானால் அதன் எடை 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்காகும். ஆனால் தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 2 × 2, நான்கு மடங்குதான் கூடும். பெரிதாகப் பெரிதாக, எடைக்கு ஏற்ற வலிமை கால்களுக்குக் குறைந்துகொண்டே போகும். எறும்பு தன்னைவிடப் பெரிய சோற்றுப் பருக்கையைத் தூக்குவதும் நம்மால் நம் நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாததும் இதே கணக்குதான். உடல் சிறியதாக இருக்கும்வரை கால்களை மட்டும் நம்பி வாழலாம். பசையெடுப்பான்கள் எல்லாமே சிறிய பறவைகள் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மரங்கொத்திக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. நம் நாட்டுக் காடுகளில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி மரங்கொத்தி உண்டு. உடல் நீளம் ஒன்பது சென்டிமீட்டர் அளவுதான். உங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். மூங்கிலிலும் மெல்லிய கொடிகளிலும் தொற்றிக்கொண்டு பூச்சி தேடும். அது மரங்கொத்திதான், ஆனால் அதன் வால் குட்டையாகவும் மென்மையாகவும் இருக்கும், ஊன்றுகோலாகப் பயன்படாது. அவ்வளவு சிறிய உடலுக்கு ஊன்றுகோல் தேவைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று. ஐரோப்பாவிலும் இமயமலையிலும் மரமேறிகள் என்ற சிறு பறவைகள் இருக்கின்றன. மலேசியாவில் இல்லை. மரங்கொத்திக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவே கிடையாது. இருந்தாலும் விறைப்பான கூர்நுனி வால் அவற்றுக்கும் உண்டு, அதை ஊன்றித்தான் ஏறுகின்றன. தென்னமெரிக்காவில் இன்னொரு குடும்பம், அதற்கும் அதே வால். ஒரே சிக்கலை எதிர்கொண்ட வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த மரமேறிகளும் தலைகீழாக இறங்குவதில்லை. ஒரு மரத்தின் உச்சி வரை ஏறியதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்துபோகும். வாலை நம்புகிறவர்கள் எல்லாரும் மேல்நோக்கியே போகிறார்கள்!

சரி, தலைகீழாக இறங்குவதால் பசையெடுப்பானுக்கு என்ன லாபம்? மரப்பட்டை வழவழப்பாக இருப்பதில்லை. செதில் செதிலாக, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். கீழிருந்து மேலே ஏறுகிற பறவைக்குச் செதிலின் அடிப்பக்கம் தெரியும். மேலிருந்து இறங்குகிற பறவைக்குச் செதிலின் மேல் இடுக்கு தெரியும். ஏறிப்போன மரங்கொத்தியின் கண்ணில் படாத சிலந்தியும் பூச்சி முட்டையும் இறங்கிவரும் பசையெடுப்பானுக்குக் கிடைக்கும். பறவையியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இதுதான். நம் அலமாரியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது, நாற்காலி போட்டு ஏறினால் தெரியும் அல்லவா? அன்று பிரேசர் மலையில் இரண்டு பறவைகளும் ஒரே மரத்தில் சண்டை போடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மேலும், மரங்கொத்தி மரத்தைத் துளைத்து உள்ளே இருக்கும் புழுவை எடுக்கும். பசையெடுப்பான் பட்டையின் மேலேயும் இடுக்கிலும் இருப்பதைப் பொறுக்கும்.

ஆனால் கூடு கட்டும் நேரத்தில் நிலைமை வேறு. பசையெடுப்பான் மரப்பொந்தில்தான் முட்டையிடும். நல்ல கெட்டி மரத்தைக் குடைய அதன் அலகுக்கு வலு போதாது. இயற்கையாக உண்டான பொந்தோ, மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தோ வேண்டும். அதில் பாசியும் இறகும் விலங்கு முடியும் பரப்பிக்கொள்ளும். வயதான மரங்களையும் பட்டுப்போன மரங்களையும் ‘வீண்’ என்று வெட்டி எடுத்துவிட்டால் மரங்கொத்திக்குக் குடைய இடம் போகும், பின்னாலேயே பசையெடுப்பானுக்கு வீடு போகும். நீலப் பசையெடுப்பானுக்கு மலைக்காட்டை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை. மலைச்சரிவில் காட்டை அழித்துக் காய்கறித் தோட்டம் போட்டால் முட்டைக்கோஸில் ஏறியா அது பூச்சி தேடும்?

பிரேசர் மலைக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பொன்முதுகு மரங்கொத்தி போதும். அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள தென்னையிலோ பூங்காவிலோ காலை நேரத்தில் பாருங்கள். அது எழுப்பும் கிறீச்சென்ற நீண்ட சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கொண்டையைப் பார்த்து மயங்காமல் வாலைக் கவனியுங்கள். ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் வால் வளைந்து மரத்தில் அழுந்துவது தெரியும். இறங்கும்போது எப்படி இறங்குகிறது என்றும் பாருங்கள்.

பள்ளி திறந்ததும் நான் வகுப்பில் என் தவறைச் சொல்லி, வெண்பலகையில் இந்தப் படத்தை வரைந்து விளக்கினேன். கேள்வி கேட்ட மாணவி பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், பறவைக்கு வருஷா வருஷம் இறகு கொட்டி முளைக்கும்னு சொன்னீங்க. வால் இறகு கொட்டினா மரங்கொத்தி என்ன செய்யும்? ஏற முடியாதே?”

இந்த முறை உடனே பதில் சொல்லவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். மறுநாள் சொன்ன பதில் இதுதான். பல பறவைகளுக்கு வாலின் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் முதலில் உதிரும், பிறகு வெளிப்பக்கமாகப் போகும். மரங்கொத்தியில் அந்த நடு ஜோடி கடைசி வரை உதிராமல் நிற்கும். அதிகப் பாரத்தைத் தாங்குவது அந்த ஜோடிதான். சுற்றியுள்ள புது இறகுகள் வளர்ந்து பாரம் தாங்கத் தயாரான பிறகே அந்த இரண்டும் உதிர்கின்றன. உறவே இல்லாத மரமேறிகளும் இதே வரிசையில்தான் வால் இறகை மாற்றுகின்றன. வாலை நம்பாத பசையெடுப்பானுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது.